மணக்காட்டு மார்ஷ்மெல்லோவும் ஒரு பழக்குலையும்

1. சாம்பிள்

ஸ்ரீகலா டீச்சர் நான் சாம்பிளுக்குக் கொண்டுபோன மார்ஷ்மெல்லோத் துண்டை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டார். "எஸ்தர் சேச்சி, இதிலெ என்னெல்லாம் உண்டு?" என்று கேட்டார்.

பொரி, சீனி, வெனிலா என்று உற்சாகமாக ஒப்பித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் "ஜெலட்டின்" என்றேன். அந்தச் சொல் வெளியே வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

வீட்டிலிருந்தே கேக் ஆர்டர் எடுக்க ஆரம்பித்திருக்கும் பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி. கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தேன். பழவங்காடி அருகே ஒரு பேக்கரியில் இருபது வருடத்துக்கு மேல் கேக் செக்‌ஷனில் நின்றேன். முட்டி வலி வந்ததும் வேலையை விட்டுவிட்டு, மணக்காட்டில் என் வீட்டிலேயே ஆர்டர் எடுக்கத் தொடங்கினேன். இத்தனை வருடத்தில் கல்யாணக் கேக்கு, கிறிஸ்துமஸ் கேக்கு எதற்கும் நான் பதறியதில்லை. நாலாம் வகுப்பு வரை உள்ள ஒரு எல்.பி. ஸ்கூல் பிள்ளைகளுக்கான சுதந்திர தின மிட்டாய்தான் என்னை ஆட்டிவைத்தது.

ஸ்ரீகலா டீச்சர் அந்த ஸ்கூலின் ஹெட்மிஸ்ட்ரஸ். அமெரிக்காவில் அவர்களுடைய சுதந்திர தினத்துக்கு, மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு போன்ற மிட்டாயை உருக்கிப் பொரியைப் போட்டுக் கிளறி, சிவப்பு வெள்ளை நீலமாகத் துண்டு போடுகிறார்களாம். அந்த வீடியோவை போனில் காட்டி, நம்முடைய மூன்று நிறத்தில் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டார். ஏன் முடியாது என்று நானும் குதித்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

டீச்சர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். கொடியேற்றம் முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பலகாரத்தைச் சாப்பிட வேண்டும். அதற்கு ஒரு காரணம் இருந்தது. போன வருடம் ஏதோ கடையில் கேக் வாங்கிக் கொடுத்தார்கள். முட்டை சேர்ந்த கேக். ஆகஸ்ட் பதினைந்து கர்க்கடக மாசக் கடைசியில், அதாவது நம்முடைய ஆடிக் கடைசியில் வரும். ராமாயணம் வாசிக்கும் வீடுகளில் அந்த மாதம் முழுக்க மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது. ஸ்ரீவராகம் அக்ரகாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கோ எந்த மாதமும் முட்டை கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு பழக்குலையை வாங்கிவந்து ஆளுக்கொரு பழம் கொடுத்து வராந்தாவில் உட்காரவைத்திருக்கிறார்கள். கௌரி என்று ஒரு சின்னக் குட்டி பழத்தை உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "டீச்சரே, எனிக்கு மாத்திரம் எந்தினா பழம்?" என்று கேட்டிருக்கிறாள். எனக்கு மட்டும் ஏன் பழம் என்று. அதைச் சொல்லிவிட்டு டீச்சர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

முட்டையை நான் மறக்கவில்லை. மார்ஷ்மெல்லோவில் முட்டை சேர்க்காமல் சாமர்த்தியமாகத்தான் செய்திருந்தேன். ஆனால் ஜெலட்டின் எதிலிருந்து வருகிறது? மாட்டு எலும்பும் பன்றித் தோலும். பேக்கரியில் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டிப் பழகிய கைக்கு அது வெறும் வெள்ளைப் பொடி. இந்த ஸ்கூலில் பாதிப் பிள்ளைகள் வலியபள்ளி மசூதிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளிலிருந்து வருபவர்கள். போன வருடமாவது பாதிப் பேர் கேக் சாப்பிட்டார்கள். என் புண்ணியத்தில் இந்த வருடம் எல்லாருமே வராந்தாவில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

டீச்சர் என்னை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. துண்டைத் தட்டில் மெல்ல வைத்துவிட்டு, இந்தத் தடவையும் ஒரு குலை பழம் சொல்லிவைத்துவிடலாம் என்றார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"பழக்குலை வாங்கண்டாம் டீச்சரே. எல்லாருக்கும் ஒரே பலகாரம். நான் தாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எப்படித் தரப்போகிறேன் என்று அப்போது கர்த்தருக்குக்கூடத் தெரிந்திருக்காது.

2. வைதேகி மாமியின் சுண்டல்

ஜெலட்டினுக்குப் பதில் சைனா கிராஸ் போடலாம். கடற்பாசியிலிருந்து வருவது, யாருக்கும் ஆகாதென்றில்லை. ஆனால் அது உறையுமே தவிர உப்பாது. முதல் தடவை கிளறியதில் கிடைத்தது நல்ல ஜெல்லி. இரண்டாவது தடவை கிடைத்ததை என் வீட்டுக்காரர் அல்வா என்று நினைத்து ரசித்துச் சாப்பிட்டார். மார்ஷ்மெல்லோவுக்குக் காற்று வேண்டும். அந்தக் காற்றைப் பிடித்துவைக்க முட்டை வெள்ளை வேண்டும். முட்டையோ கூடாது. சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றேன்.

எனக்குத் தொழிலில் ஒரு கூட்டாளி உண்டு. ஸ்ரீவராகத்தில் இருக்கும் வைதேகி மாமி. முறுக்கு, தட்டை, நெய்யப்பம் ஆர்டர் எல்லாம் மாமிக்கு, கேக் எனக்கு. வருகிற ஆட்களை ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்வோம். ஆடி வெள்ளியன்று புலம்புவதற்காக மாமி வீட்டுக்குப் போனேன். மாமி கொண்டைக்கடலை வேகவைத்து, அந்தத் தண்ணீரை ரசத்துக்காக ஒரு பாத்திரத்தில் உயரத் தூக்கி வடித்துக்கொண்டிருந்தார். பாத்திரத்தில் வெள்ளையாக நுரை கட்டியது. கட்டிய நுரை அடங்கவே இல்லை.

நான் புலம்பலை நிறுத்தினேன். பேக்கரியில் நின்றவளுக்கு அடங்காத நுரை என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டாம். மாமியிடம் கேட்காமல் அந்தத் தண்ணீரை ஒரு கரண்டி எடுத்து, மேசையில் இருந்த முள்கரண்டியால் அடிக்க ஆரம்பித்தேன்.

"என்னடி எஸ்தரே, சுண்டல் ஜலத்தைப் போட்டு இந்த அடி அடிக்கறாய்? ரசத்துக்கு வெச்சதாக்கும் அது" என்றார் மாமி.

கை கடுக்கக் கடுக்க அடித்தேன். முட்டை வெள்ளை மாதிரியே பொங்கி வந்தது. எனக்கு மாமியைக் கட்டிப்பிடித்துச் சுற்றலாம் போல இருந்தது. கையோடு சைனா கிராஸைக் காய்ச்சி, சீனிப்பாகோடு அதில் ஊற்றி அடித்து, ஒரு தட்டில் கொட்டினோம். ஆறியதும் துண்டு போட்டேன். விரலால் அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழும்பியது. சாட்சாத் மார்ஷ்மெல்லோ.

மாமி ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "பதம் ஜோராயிருக்கு. ஆனா வாசனை சாம்பாராக்கும்" என்றார்.

மாமி சுண்டலுக்குக் கடலை வேகவைக்கும்போதே உப்பும் ஒரு துண்டு கட்டிப் பெருங்காயமும் போட்டுவிடுவார். வாயு வராதாம். உலகத்திலேயே பெருங்காய மார்ஷ்மெல்லோ செய்தது நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது.

உப்பும் காயமும் இல்லாமல் மறுபடி வேகவைத்தோம். தண்ணீரை எண்ணெய் மாதிரி கெட்டியாகும்வரை சுண்டவிட்டு, ஆறவைத்து, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு அடித்தோம். கடலை வாடை போக ஏலக்காய். இந்தத் தடவை மாமி இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டார்.

ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். பிள்ளைகளுக்கான பலகாரம் முழுக்க அவர் வீட்டு அடுப்பில், அவர் பாத்திரத்தில்தான் ஆக வேண்டும். "உன் பீட்டர் வருஷக்கணக்கா முட்டையில முழுகினது. அது வாசலோட நிக்கட்டும்" என்றார். எனக்கு முதலில் சுள்ளென்று கோபம் வந்தது. முட்டை அடிக்கும் அருமையான மெஷின் அது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நாளைக்கு ஒரு தாய் வந்து கேட்டால், கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியவள் நான். சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ப் புது பீட்டர் ஒன்றும், போதாததற்குக் கையால் அடிக்கும் கம்பி விஸ்க் ஒன்றும் வாங்கி வந்தேன்.

3. மழை

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலையிலிருந்தே மழை கொட்டித் தீர்த்தது. மழைக்காற்றில் பொரி நமுத்து, கடித்தால் ரப்பர் மாதிரி இழுத்தது. இரும்புச் சட்டியில் போட்டுச் சிறுதீயில் வறுத்து, மொறுமொறுவென்று ஆனதும் டின்னில் அடைத்தோம்.

ட்ரேயில் பச்சையை முதலில் ஊற்றினோம். அடுத்து வெள்ளை. காவியைக் கடைசியாக ஊற்றினால் அது மேலே நிற்கும். சக்கரம் வரைய வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். சக்கரம் கொடியில் இருக்கட்டும், பிள்ளைகள் கடித்துத் தின்ன வேண்டாம்.

பச்சையும் வெள்ளையும் அழகாக உறைந்தன. காவி நிற நுரை பாதி ஏறியிருந்தபோது கரண்ட் போய்விட்டது.

சைனா கிராஸைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஜெலட்டின் உங்களுக்காகக் காத்திருக்கும், இது காத்திருக்காது. கொஞ்சம் ஆறினாலும் கட்டி தட்டிவிடும். அடுப்பில் அது கரைந்த பாகு பதத்துக்கு வந்து கொதிக்கிறது, விட்டால் முறுகும், இறக்கினால் உறையும். நுரையோ பாதியில் நிற்கிறது. கடலைத் தண்ணீரும் அதோடு தீர்ந்துவிட்டது. மறுபடி ஊறவைத்து வேகவைக்க நேரமில்லை. இது போனால் நாளைக் காலை பழக்குலைதான். எனக்கு அந்தக் கௌரிக் குட்டியின் நினைப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

விஸ்கை எடுத்து நான் அடித்தேன். என் கை ஓய்ந்ததும் மாமி வாங்கிக்கொண்டார். மாமிக்கு மூச்சு வாங்கும் நேரத்தில், என்னைக் கூட்டிப்போகக் குடையோடு வந்த என் வீட்டுக்காரர் வாசலில் நின்று "எஸ்தரே, போகலாமா?" என்று கேட்டார். அவர் பஸ் ஓட்டியவர். பழைய பஸ்ஸின் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி உரமேறிய கை. கழுவச் சொல்லி, விஸ்கைக் கொடுத்து, நிறுத்தினால் தொலைத்துவிடுவேன் என்றேன். மனிதர் ஏன் எதற்கு என்று கேட்காமல் அடித்தார் பாருங்கள், நுரை மலையாக எழும்பியது.

நுரை சரியாக ஏறிவிட்டதா என்று பார்க்கப் பாத்திரத்தைக் கவிழ்க்க வேண்டும். விழாமல் நின்றால் பாஸ். அவர் தலைக்கு மேலேயே தூக்கிக் கவிழ்த்தேன். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஒரு சொட்டு விழவில்லை. மாமி கைதட்டினார். பாகை ஊற்றி, பொரியைக் கொட்டிக் கிளறி, ட்ரேயில் பரப்பி முடித்தபோது எங்கள் மூன்று பேரின் புருவத்திலும் காவி நுரை.

4. வரிசை

காலையில் வானம் வெளுத்திருந்தது. ட்ரேயைக் கவிழ்த்துத் தட்டி எடுத்தோம். துண்டு போட்டு, ஈரம் கசியாமலிருக்க வறுத்த சோளமாவைத் தூவி, அகலமான தட்டுகளில் அடுக்கி மூடினோம். ஆட்டோவில் மாமியும் நானும் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு போனோம். பள்ளிக்கூட நடையில் டீச்சர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பச்சை மேலே இருந்தது. காவி அடியில். ஊற்றும்போது சரியாக ஊற்றிய நான், ட்ரேயைக் கவிழ்த்ததும் தலைகீழாகும் என்பதை மறந்துவிட்டேன். சுதந்திர தினத்தன்று ஸ்கூலுக்குள் தலைகீழ் மூவர்ணம். மாமி அசரவில்லை. "இதுக்கென்ன, இன்னொரு தரம் கவிழ்த்தாப் போறது" என்றார். மூடியை அழுத்திப் பிடித்து ஒவ்வொரு தட்டாக ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் புரட்டினோம். காவி மேலே வந்தது.

அப்போதுதான் வராந்தாவைப் பார்த்தேன். கொக்கியில் ஒரு பழக்குலை தொங்கியது. டீச்சர் எதற்கும் இருக்கட்டுமென்று வாங்கிவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் எனக்கு முகம் சுண்டிவிட்டது.

கொடி ஏறியது. பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். வலியபள்ளிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தாய் முன்னால் வந்து, இதில் ஜெலட்டின் உண்டா என்று தணிந்த குரலில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார். "எங்காத்து அடுப்பில பண்ணினதாக்கும். கடல் பாசியும் கடலை ஜலமும்தான். நான் திங்கற பண்டம் இது" என்று சொல்லி, ஒரு துண்டை எடுத்து அவர் முன்னாலேயே வாயில் போட்டுக்கொண்டார். அந்தத் தாய் சிரித்துவிட்டுத் தன் மகனை முன்னே தள்ளிவிட்டார். பின்னாலேயே நெற்றியில் சந்தனக்குறியோடு ஒருவன், அவனுக்குப் பின்னால் ஸ்ரீவராகத்துப் பிள்ளைகள் இரண்டு பேர். கை நீட்டாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. பொரி கடிபடும் சத்தம் முற்றமெல்லாம் கேட்டது. தட்டைப் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். பேக்கரியில் எத்தனை கேக் விற்றிருப்பேன், ஒருநாளும் இப்படி இருந்ததில்லை.

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆர்டர் வந்ததும் செய்முறையைத் தேடாதீர்கள். வரிசையில் யார் யார் நிற்பார்கள் என்று முதலில் கேளுங்கள். செய்முறை எப்படியும் எங்கிருந்தாவது கிடைத்துவிடும். எனக்குச் சுண்டல் சட்டியிலிருந்து கிடைத்தது.

எல்லாம் முடிந்து நாங்கள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்குட்டி, உதட்டோரம் சோளமாவு ஒட்டியிருக்க, பழக்குலைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். கௌரி அவள்தான் என்று டீச்சர் என் காதில் சொன்னார்.

"டீச்சரே, இந்தப் பழம் ஆர்க்கா?" என்று கேட்டாள் அவள்.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆர்க்கும் இல்ல மோளே" என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் எனக்கும் மாமிக்கும் நடுவில், டீச்சர் கொடுத்தனுப்பிய அந்தக் குலை உட்கார்ந்திருந்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன். மாமி ஒரு பழத்தைப் பிய்த்து, உரித்து, என் கையில் கொடுத்தார்.