பலாலியிலிருந்து நாரந்தனைக்குப் போகும் வழி

கொழும்பிலிருந்து ஊருக்கு வானா, பிளேனா என்று பாரிசுக்கும் நாரந்தனைக்கும் இடையில் மூன்று கிழமையாக வாக்குவாதம் நடந்தது. கடைசியில் தீர்ப்புச் சொன்னது நான்.

தீவுப்பக்கம், நாரந்தனையில் இருக்கும் வீடு அக்காவுடையது. சொந்த அக்கா இல்லை. பதினாறு வயதில் ஊரை விட்டுப்போய், முப்பது வருடத்துக்கு மேலாகப் பாரிசில் இருப்பவர். தாய்வழிச் சீதனமாக வந்த காணியில் இருந்த பழைய வீடு சண்டைக்காலத்தில் இடிந்து, அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதன்மேல்தான், லீவுக்கு வந்து தங்கவென்று புது வீடு கட்டினார். மேசன்மாருடன் வாய் கொடுத்து வேலை வாங்கியதும், தரையோட்டின் நிறத்தை வீடியோவில் காட்டியதும், கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொண்டுபோனதும் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். பல்கலைக்கழகத்துக்குப் போனவளும் நான்தான். அம்மா இன்றும் வங்கியில் கைநாட்டு வைப்பவர். இதை நான் யாருக்கும் மறைப்பதில்லை. சொல்லும்போது குரலும் கொஞ்சம் உயரும்.

அக்காவின் கணவரை நான் அண்ணை என்பேன். அவர் வான் கட்சி.

"வான் எண்டால் வாசலில கொண்டுவந்து இறக்கும். பிளேனில வந்தால், பலாலியிலயிருந்து நாரந்தனைக்குப் பறந்தோ போறது?"

"உங்களுக்கென்ன, ஏறி இருந்தவுடன குறட்டை. எட்டு மணித்தியாலம் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறது நான்" என்பார் அக்கா.

அக்காவின் காலில் இரண்டு வருடத்துக்கு முன் இரத்தம் கட்டியிருந்தது. நீண்ட நேரம் ஒரே இருப்பில் இருக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். பாரிசிலிருந்து வரும் பயணத்துக்கே மாத்திரை போட்டுக்கொண்டுதான் வருகிறார். அதற்கு மேல் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து இரவிரவாக வானா?

நான் ஒரு தாளில் இரண்டு நிரல் போட்டு எழுதினேன். ஒரு பக்கம் வான், ஒரு பக்கம் விமானம். மணிக்கணக்கு, காலுக்கு ஓய்வு, பெட்டிகள். கீழே முடிவு: பெட்டிகளோடு அண்ணை வானில் முதலே வருவது. அக்கா கொழும்பில் தங்கிக் காலாறி, சின்ன விமானத்தில் கைப்பையோடு மட்டும் பலாலிக்கு வருவது. படம் எடுத்து அனுப்பினேன்.

"பாத்தீங்களோ, படிச்ச பிள்ளையின்ர வேலையை" என்று அக்கா அண்ணைக்குச் சொன்னது எனக்கும் கேட்டது. அன்றைக்கு முழுக்க அந்தச் சொல் என் காதிலேயே இருந்தது.

சிக்கல் நேரத்தில்தான் இருந்தது. ஆடியில் புது வீடு குடிபூர முடியாது. ஆவணி பிறந்து இரண்டு கிழமையில் பாரிசில் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும், அக்காவின் மகனுக்குச் சோதனை வருடம். இரண்டுக்கும் இடையில் ஐயர் கண்டுபிடித்துத் தந்தது ஒரு புதன்கிழமை மட்டும். பதினொன்று ஐந்திலிருந்து பதினொன்று நாற்பத்தைந்துக்குள் அக்கா வலது காலை வைத்து உள்ளே போய், அடுப்பு மூட்டிப் பால் பொங்கவேண்டும். பன்னிரண்டு மணிக்கு இராகு காலம். அடுத்த நல்ல நாள் அவர்கள் திரும்பிப் போன பிறகுதான் வருகிறது. வீடு அக்காவின் சீதனம் என்பதால் அடுப்பும் அக்காவின் கையால்தான் எரியவேண்டும் என்று ஐயர் சொல்லியிருந்தார். விமானத்தில் இடம் கிடைத்ததும் அந்தப் புதன் காலைக்குத்தான். எட்டே முக்காலுக்கு இறங்கினால் போதிய நேரம் இருக்கிறது என்று நான் கணக்குப் போட்டேன்.

விமானம் எட்டே முக்காலுக்கு வரவில்லை. பலாலியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சோளகக் காற்று மண்ணை வாரி அடித்தது. வாடகைக் காரின் டிரைவரும் நானும் நிழல் தேடி மாறி மாறி நின்றோம். ஒன்பதரைக்குச் சத்தம் கேட்டது. அக்கா வெளியே வரும்போது ஒன்பது நாற்பது. சேலையும் நகையுமாக, குடிபூரலுக்கு உடுத்தியபடியே வந்திருந்தார். நேரில் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "போய்ச் சேருவமோ?"

"கட்டாயம் சேருவம் அக்கா" என்றேன்.

டிரைவர் யாழ்ப்பாண நகரப் பக்கமாகக் காரைத் திருப்பிக்கொண்டே, "ரவுனுக்குள்ளால போவம் தங்கச்சி. பண்ணைப் பாலத்தால வேலணை, அப்பிடியே நாரந்தனை. பதினொண்டடியில நிப்பம்" என்றார்.

நான் போனில் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தேன். காரைநகருக்குப் போய், அங்கிருந்து கடலைக் கடந்தால் ஊர்காவற்றுறை. அங்கிருந்து ஓட்டோவில் பத்து நிமிடம். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கடலைக் கடக்கும் தட்டையான மிதவையைப் பாதை என்போம். அன்று காலையில் நான் வந்ததே அதில்தான்.

"ரவுனில இப்ப சனம். காரைநகரால போனால் இருபது நிமிசம் மிச்சம்" என்றேன்.

"காத்து உரமா இருக்கு. ஒருக்கா அடிச்சுக் கேட்டுப் பாருங்கோவன், ஓடுதோ எண்டு."

"விடிய நான் வந்தனான். ஓடுது."

அவர் காரைக் காரைநகர்ப் பக்கம் திருப்பினார்.

வழியெல்லாம் அக்கா பேசிக்கொண்டே வந்தார். பழைய வீட்டுக் குசினியின் யன்னல் எந்தப் பக்கம் இருந்தது, புது வீட்டிலும் அதே பக்கம்தானே வைத்தோம், கிணற்றடியில் நின்ற மாதுளை என்னவாயிற்று. இடையிடையே நேரம் பார்த்தார். நானும் பார்த்தேன். பத்தரைக்கு இறங்குதுறையில் நின்றோம்.

பாதை எங்கள் கரையில்தான் நின்றது. ஆனால் ஏறுவாரில்லை. ஒருவர் எந்திரத்துக்குள் தலையை விட்டபடி குனிந்திருந்தார். இன்னொருவர் துறைக்கட்டின்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"எப்ப வெளிக்கிடும்?" என்று கேட்டேன்.

"இது வெளிக்கிடாது பிள்ளை. சாமான் ஒண்டு ரவுனிலயிருந்து வரவேணும்."

"எப்ப நிண்டது?"

"எட்டரைக்கே நிண்டிட்டுது."

எட்டரைக்கு நான் பலாலியில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். ஒரு அழைப்பு எடுத்திருந்தால் போதும்.

எதிரே ஊர்காவற்றுறை தெரிந்தது. இறங்குதுறையில் நிற்கும் ஓட்டோவின் சிவப்புக்கூடத் தெரிந்தது. அவ்வளவு கிட்ட. கரையில் வலை தட்டிக்கொண்டிருந்தவர்களிடம் ஓடினேன். இந்தக் காற்றில், அதுவும் பாதுகாப்பு அங்கி இல்லாமல், படகில் ஆட்களை ஏற்ற ஏலாது என்றார்கள். கெஞ்சினேன். ஒருவர் அக்காவின் சேலையைப் பார்த்து, "கலியாணமோ?" என்று கேட்டார். குடிபூரல் என்றேன். "அப்ப வீடு ஓடாது தானே, ஆறுதலாப் போகலாம்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

திரும்பி வந்தபோது மணி பத்து நாற்பத்தைந்து. அக்காவின் போன் அடித்தது. அண்ணை. ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்க நிக்கிறீங்கள்? ஐயர் வந்திட்டார்."

பாதை ஓடவில்லை என்று அக்கா சொன்னார்.

"எந்த விசரன் உங்களைக் காரைநகருக்குக் கொண்டுபோனது? அந்த டிரைவரிட்டப் போனைக் குடும்."

டிரைவர் கையை நீட்டி வாங்கினார். "ஓம் அண்ணை... ஓம்... ஓம், பிழைதான் அண்ணை" என்றார். என்னைப் பார்க்கவில்லை. நான் அந்த நேரத்தில் பேசியிருக்கவேண்டும். பேசவில்லை. அவர் மூன்று தடவை ஓம் சொல்லும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்காவது ஓமில்தான் கையை நீட்டிப் போனை வாங்கினேன்.

"அண்ணை, நான்தான் இதால வரச் சொன்னனான். அவர் ரவுனுக்குள்ளால போவம் எண்டுதான் சொன்னவர். பாதை ஓடுதோ எண்டு கேக்கச் சொன்னவர். நான் கேக்கேல்லை."

"படிச்ச பிள்ளை எண்டு நம்பினம்" என்றார் அண்ணை. சத்தமில்லாமல்தான் சொன்னார்.

அக்கா போனைத் திரும்ப வாங்கினார். "இப்ப உதைக் கதைச்சு என்ன? நீங்கள் உள்ள போய் வையுங்கோவன் பாலை."

"உம்மட அம்மாவின்ர காணியில, நீர் இல்லாமல் நான் அடுப்பு மூட்டுறதோ? ஐயரும் ஏலாது எண்டுறார். பொம்பிளையின்ர கை படவேணுமாம்."

அக்கா சட்டென்று என்னிடம் திரும்பினார். "உம்மட அம்மா அங்க நிக்கிறா தானே? அவவை வைக்கச் சொல்லும்."

அம்மா அங்கேதான் நின்றார். முதல்நாள் முழுக்க அந்த வீட்டின் தரையைக் கழுவி, யன்னல் துடைத்து, விடியவே பசுப்பாலும் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்திருந்தார். சின்ன வயதில் பழைய வீட்டின் முற்றம் கூட்டியதும் அம்மாதான். அந்த வீட்டுக் குசினி வாசலை ஒருநாளும் தாண்டியதில்லை. அக்கா அப்படிச் சொன்னதும், என் பிழையிலிருந்து இப்படியொன்று நடக்கப்போகிறதா என்று ஒரு கணம் சந்தோசம்கூட வந்தது.

அண்ணை போனை அம்மாவிடம் கொடுத்ததும், "அம்மா, அக்கா உங்களைப் பால் வைக்கச் சொல்லுறா" என்றேன்.

"ஆர், நானோ? உனக்கென்ன விசரோ?"

"அக்காவே பக்கத்தில நிண்டு சொல்லுறா. வையுங்கோ அம்மா. நேரம் போகுது."

"இண்டைக்குச் சொல்லுவா. நாளைக்கு அவவின்ர கால் வீங்கினாலும், பெடியன் சோதினையில பிழைவிட்டாலும், அடுப்பில முதல் ஆர் கை பட்டது எண்டுதான் பாப்பினம். நான் அண்டைக்கும் இஞ்சதான் இருக்கவேணும். எனக்கு ஏலாது."

"அம்மா, அப்பிடியெல்லாம் ஒண்டும்..."

"நீ படிச்சனி, உனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சது இது."

ஸ்பீக்கர் போட்டபடியே இருந்தது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். மறுத்துச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் கீழே பார்த்தபடி, "அவ சொல்லுறது சரி" என்றார். பிறகு போனுக்குள், "ஐயருக்குச் சொல்லுங்கோ. நேரம் போனால் போகட்டும். நான் வந்துதான் பால் பொங்கும்" என்றார்.

ரவுனுக்குள்ளால் சுற்றி வந்தோம். சங்கானையில் ஒரு லொறியின் பின்னால் மாட்டிக்கொண்டோம். டிரைவர் ஹோர்ன் அடிக்கவுமில்லை, முந்தவும் பார்க்கவில்லை. அவசரம் போய்விட்டது. பண்ணைப் பாலத்தில் ஏறும்போது பதினொன்று நாற்பத்தைந்து ஆனது. அக்கா பார்த்தார். பிறகு போனைக் கைப்பைக்குள் போட்டு மூடினார். இரண்டு பக்கமும் கடல். பலாலியிலிருந்து நேரே வந்திருந்தால் இந்நேரம் பால் பொங்கியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்கும். அதை வாய்விட்டுச் சொல்லித் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நாரந்தனைக்கு வந்தபோது பன்னிரண்டு கழிந்து எட்டு நிமிடம். ஐயருக்கு வேறொரு வீட்டில் அலுவல், போய்விட்டார். ஒன்றரைக்குப் பிறகு உள்ளே போகலாம், குற்றமில்லை, ஆனால் சொன்ன நேரம் சொன்ன நேரம்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஆகவே அக்கா தன் வீட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில், பிளாஸ்டிக் கதிரையில் ஒன்றரை மணிவரை இருந்தார். கதவு பூட்டிக் கிடந்தது. மாவிலை காய்ந்து சுருண்டது. அண்ணை ஒரு பெட்டியை இழுத்துவந்து அக்காவின் காலை அதன்மேல் தூக்கி வைத்தார். பெருவிரலால் கெண்டைக்காலை அழுத்தினார். குழி விழுந்தது. எத்தனை நேரத்தில் அது நிரம்புகிறது என்று பார்த்தார். திரும்பவும் அழுத்தினார். என் பக்கம் திரும்பவேயில்லை. அம்மா பால் செம்பை ஈரச்சாக்கில் சுற்றி, மரத்தடி மண்ணில் பதித்து வைத்திருந்தார். அடிக்கடி எழுந்துபோய் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார்.

ஒன்று முப்பத்தைந்துக்கு அக்கா எழும்பினார். அண்ணை கையைப் பிடித்துக்கொள்ள, படியேறி, வலது காலை வைத்து உள்ளே போனார். நான்கு எட்டு வைத்ததும் நின்றுவிட்டார். பின்பக்கம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. தோள்கள் குலுங்கின. பிறகு நேரே குசினிக்குப் போய், செங்கல் வைத்துக் கூட்டிய அடுப்பை மூட்டினார். அம்மா குசினி வாசலோடு நின்றார். "உள்ள வாங்கோ" என்றார் அக்கா. "இஞ்ச நிண்டா வடிவாத் தெரியுது" என்றார் அம்மா.

பால் திரியவில்லை. பொங்கியது. பொங்கும்போது எல்லோரும் பார்ப்பது ஒன்றைத்தான், எந்தப் பக்கம் வழிகிறது என்று. கிழக்கும் வடக்கும் நல்லது என்பார்கள். அக்கா புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"கிழக்கு" என்றார் அண்ணை உடனே.

அக்கா என்னைப் பார்த்தார். "நீர் சொல்லும்."

அண்ணையும் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாக. சொல்லாதே என்று அந்தப் பார்வை கேட்டது. துறையில் நான் வாய் மூடி நின்ற அந்த மூன்று ஓம் நினைவுக்கு வந்தது.

"தெற்கு அக்கா" என்றேன்.

செங்கல்லில் வழிந்த பால் கருகி மணத்தது. அக்கா குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மூக்கை உறிஞ்சி, "தெற்கு எண்டால் கொழும்புப் பக்கம்" என்றார்.

"பாலுக்கே விளங்கியிருக்கு, கொழும்பிலயிருந்து நேர வானில வந்திருக்கவேணும் எண்டு" என்றார் அண்ணை.

அக்கா சிரித்தார். சிரிக்கச் சிரிக்க அழுதார். அம்மாவுக்கு முதல் குவளையைக் கொடுத்தார். அம்மா வாசலில் நின்றபடியே குடித்தார்.

எங்களுக்கும் பால் தந்துகொண்டு அக்கா கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகேக்க எப்பிடிப் போறது? வானோ, பிளேனோ?"

என்னைத்தான் கேட்டார்.

"கேட்டுச் சொல்லுறன் அக்கா."

"ஆரிட்ட?" என்றார் அண்ணை.

வெளிப்படியில் குவளையோடு உட்கார்ந்திருந்த டிரைவரைக் காட்டினேன். அவர் மீசையிலிருந்த பாலைத் துடைத்தார். வேப்பமரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தார்.

"இந்தக் காத்து விழட்டும் தங்கச்சி" என்றார். "சனிக்கிழமை சொல்லுறன்."