படத்தை மறித்த விதி

ஹட்டன் மழையில் சப்பாத்துக்குள் ஊறிப்போன மேஸின், அதாவது காலுறையின், வாடை எப்படி இருக்கும் என்று கொழும்பு நண்பர்களுக்குச் சொன்னால் புரியாது. எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் முழுக்க அந்த வாடைதான். கீழே பேக்கரி. அங்கிருந்து பணிஸ் வாசனை மேலே ஏறி வரும்... பாதிப் படியிலேயே தோற்றுத் திரும்பிவிடும்.

காரணம், எங்கள் சட்டம். கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் சப்பாத்து, செருப்பு எதுவும் போடக் கூடாது. தூசி பட்டால் மெஷின் செத்துப்போகும் என்று ஊரே நம்பிய காலம் அது.

நான் பார்த்த முதல் வேலை. முதலாளி அந்தோணி அண்ணன். ஆறு மெஷினுக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு டெலிபோன் லைன். அதனால் மூலையில் ஒரு பழைய மெஷினை ப்ராக்ஸியாக வைத்திருந்தோம். யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதன் வழியாகத்தான் போய் வர வேண்டும். வருகிறதை நடுவில் மறித்து, எதை உள்ளே விடுவது, எதை மாற்றி அனுப்புவது என்று நாங்களே விதி எழுதலாம்.

எனக்கு அதில் பைத்தியமே பிடித்திருந்தது. சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டேன்.

லைனை அடைப்பது படங்கள்தான். ஆகவே விதி இதுதான்: படம் வந்தால் மறி, அந்த இடத்தில் நம்முடைய குட்டிப் படம் ஒன்றைக் கொடு. அதில் என்ன எழுதலாம் என்று கேட்டேன். "செருப்பப் பத்திப் போடு புள்ள. சொல்லிச் சொல்லி என் தொண்ட வத்திப்போச்சு" என்றார் அண்ணன்.

அப்புறமென்ன... கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனாலும், நடிகைகளைத் தேடினாலும், உலகத்தின் எல்லாப் பக்கங்களிலும் ஒரே வாசகம். 'தயவுசெய்து செருப்பை வெளியே விடவும்.' பையன்கள் திட்டுவார்கள். நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரிமுத்து அண்ணன் வந்தார். வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்காரர். கூட அவர் மகள் சுகந்தி, பள்ளிக்கூடத்தில் ஈமெயில் பழகியவள். அவர் மனைவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். அங்கிருந்து திரும்பிய பக்கத்து லயத்து வீட்டுப் பெண் ஒருத்தி, "அந்தக்காவோட கைய அயன் பொட்டியால சுட்டுட்டாங்க, வெரலு மடங்குறதில்ல" என்று சொல்லிவிட்டாள். போனில் கேட்டால் மனைவி ஒன்றுமில்லை என்கிறார். இவர் நம்பவில்லை. கையைப் போட்டோ எடுத்து ஈமெயிலில் அனுப்பச் சொல்லிவிட்டார்.

"அதத்தாங்க மிஸ் பாக்கணும். வேற ஒன்னும் வேணாம்" என்றார்.

சுகந்தி மெயிலைத் திறந்தாள். படம் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் வாசகம்.

நான் அடுத்த மெஷினில் யாருக்கோ பிரின்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மனுஷனைக் காணோம். சற்று நேரத்தில் வெறுங்காலோடு வந்து திரைக்கு முன்னால் கைகட்டி நின்றார். அவசரத்தில் செருப்போடே உள்ளே வந்திருக்கிறார் போலிருக்கிறது.

"கழட்டிட்டேங்க மிஸ். இப்பக் காட்டுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தோணி அண்ணனுக்கும் வரவில்லை.

ப்ராக்ஸி மெஷினுக்கு ஓடினேன். சுகந்தி உட்கார்ந்திருந்த மெஷினுக்கு மட்டும் படங்களை விடு என்று புதிதாக ஒரு விதி. அதை எல்லாவற்றுக்கும் மேலே எழுதினேன். ஆனாலும் லைன் ஒன்றுதானே. மற்றவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று அண்ணன் கேட்டுக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் வேலை செய்த சிங்களப் பையன் ஒருவன், "கமக் நே, நங்கி" என்று கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். பரவாயில்லை, தங்கச்சி என்கிறான். எல்லோரும் எழுந்து வந்து பின்னால் நின்றார்கள்.

படம் மேலிருந்து இறங்க ஆரம்பித்தது. முதலில் வெள்ளைச் சுவர். அப்புறம் உச்சி வகிடு... நெற்றி... கண்.

"அம்மா மெலிஞ்சிருச்சுப்பா" என்றாள் சுகந்தி. முகம் வந்தது, கழுத்து வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. நான் கும்பிடாத சாமியில்லை.

மறுபடி நகர்ந்தது. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்துக் காட்டிக்கொண்டு நின்றார் அந்த அக்கா. இடது கையில் மணிக்கட்டிலிருந்து விரல்வரை தோல் கறுத்துச் சுருங்கியிருந்தது.

சுகந்தி அழுதுவிட்டாள். மாரிமுத்து அண்ணன் திரையில் அந்தக் கையை ஒருமுறை தொட்டார். தொடக் கூடாது என்பதும் எங்கள் சட்டம்தான். யாரும் சொல்லவில்லை.

"எழுதுங்க மிஸ். வந்துரச் சொல்லுங்க. கொழுந்தெடுக்க இனிமே நான் போறேன்னு எழுதுங்க. அவ சும்மா உக்காந்து என்னப் பாத்துச் சிரிக்கட்டும்."

அப்படியே எழுதினேன். அடுத்த வருஷம் தைப்பொங்கலுக்கு முன்னால் அந்த அக்கா வந்து சேர்ந்தார்.

இப்போது எனக்குக் கொழும்பில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. இன்றைக்கும் ப்ராக்ஸியில் விதி எழுதி, வருகிறதை மறித்து மாற்றித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஏசி அறை, சப்பாத்தோடுதான் உட்காருகிறோம். படம் வருவதற்கு யாரும் காத்திருப்பதில்லை. குடும்பக் குரூப்பில் வந்து குவிகிற போட்டோக்களில் பாதியை நான் திறப்பதே கிடையாது.

போன வாரம், தோஹாவுக்கு வேலைக்குப் போயிருக்கும் என் தம்பி ஒரு போட்டோ அனுப்பினான். தொட்டதும் முழுசாக வந்து நின்றது. பளபளவென்று சிரிக்கிறான். நான் படத்தைப் பெரிதாக்கிக் கையைத்தான் தேடினேன். இரண்டும் பாக்கெட்டுக்குள் இருந்தன.

"கையக் காட்டுடா" என்று எழுதினேன்.

அடுத்த நொடியே பதில் வந்து விழுந்தது. மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டைவிரல் இமோஜி.