கொட்டாரம் வண்டி

பேச்சு விட்டுப்போன அண்ணனும் தங்கையும் வயதான காலத்தில் மறுபடி சேரும் படம் என்று மகள் வெளிநாட்டிலிருந்து போனில் சொன்னாள். "போய்ப் பாரும்மா" என்று நச்சரித்தாள். மணவாளக்குறிச்சி வீட்டில் நானும் டிவியும்தான். கணவர் போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு பேருக்குச் சமைக்கிற கை இன்னும் அடங்கவில்லை. சரி என்று நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன்.

மகள் தெரிந்துதான் சொன்னாள். அவள் கல்யாணத்தோடுதான் எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு நின்றது. மாப்பிள்ளைக்கு லீவு குறைவு. அவசரத்தில் பத்திரிகையை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, போனில் கூப்பிட்டேன். தாய்மாமனை வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைக்கவில்லை என்று முறுக்கிக்கொண்டு, வராமலே இருந்துவிட்டான். கூடப்பிறந்தவளிடம் என்ன சம்பிரதாயம்? இன்றைக்கும் சொல்வேன், என் மேல் தப்பில்லை. ஆனால் மணமேடையில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தைப் பார்க்காமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பகல் காட்சிக்குக் கூட்டமில்லை. படத்தில் அண்ணனும் தங்கையும் முற்றத்தில் மழையில் நின்று கட்டிப்பிடித்து அழுதார்கள். சினிமாவில் மழைக்கு நேரம் தப்புவதே இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. அப்போது எனக்கு முன்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அழுகையை விழுங்குகிற செருமல். அம்மாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக் கேட்டது. அண்ணன்! லைட் போட்டதும் பார்த்தேன், அவனும் தனியாகத்தான் வந்திருந்தான். தலை முழுக்க வெளுத்திருந்தது.

வாசலில் நேருக்கு நேராக மாட்டிக்கொண்டோம். அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் 'ஏட்டி'தான். நாலு பேர் முன்னால் அப்படிக் கூப்பிடாதே என்று கல்யாணமான புதிதில் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். இப்போது அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நகராமல் நின்றேன்.

"சௌக்கியமா இருக்கியளா?" என்றான்.

இருக்கியளா! பேங்க் மேனேஜரிடம் கேட்கிற மாதிரி. இந்த வாய் சும்மா இருக்குமா?

"இருக்கேன். நீங்க?" என்றேன். பிறந்ததிலிருந்து நான் அவனுக்குப் போட்ட முதல் 'நீங்க'.

தலையை ஆட்டினான். "மக நல்லா இருக்காளா?" என்று கேட்டான். "ஆமா" என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அழக்கூடாது என்று வைராக்கியமாக வந்தும் கண் நிறைந்துவிட்டது. பஸ்ஸின் போர்டு தெரியவில்லை. நின்ற வண்டியில் காலை வைத்தேன்.

"ஏட்டி! எங்க போற? அது கொட்டாரம் வண்டியாக்கும்!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அண்ணன் மூச்சு வாங்க ஓடிவந்துகொண்டிருந்தான். இவ்வளவு தூரமும் என் பின்னாலேயே வந்திருக்கிறான். சட்டென்று இறங்கினேன். பக்கத்தில் வந்ததும், தான் கத்தியது அவனுக்கே வெட்கமாகிவிட்டது போல. தொண்டையைச் செருமினான்.

"உங்க ஊர் வண்டி அந்தப் பக்கம் நிக்கு. பாத்துப் போங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். கொட்டாரம் வண்டி இன்னும் புறப்படவில்லை. அண்ணன் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால், மறுபடியும் அதில் ஏறியிருப்பேன்.