வாயால் விஷம் எடுக்கும் கதாநாயகர்கள்

எண்பதுகளில் வந்த சண்டைப் படங்களில் துப்பாக்கிக் குண்டு என்பது காலில் குத்திய முள் மாதிரி. கதாநாயகன் கத்தியை நெருப்பில் காட்டி, துண்டைக் கடித்துக்கொண்டு, தானே தோண்டி எடுத்துவிடுவான். அடுத்த காட்சியில் பனிமலையில் பாட்டு. நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மனித உடம்பைப் பற்றிய என் மீதிப் படிப்பெல்லாம் ரிஷிவந்தியம் பக்கத்து டென்ட் கொட்டாயில், மணலைக் குவித்து உட்கார்ந்து படித்ததுதான்.

பிறகு செங்கல் சூளை, லாரி, ஓட்டலில் மாவாட்டுவது என்று ஊர் ஊராகத் திரிந்தேன். போன இடமெல்லாம் அந்தப் படங்களும் கூடவே வந்தன. இப்போது ஐம்பதை நெருங்கி, கரும்பு வெட்டும் கூட்டத்தில் இருக்கிறேன். பாதிப் பேர் வெள்ளிமலைப் பக்கமிருந்து வேலைக்கு இறங்கி வந்தவர்கள். எங்கள் மேஸ்திரிக்கும் என் வயதுதான். மதியம் கூழுக்கு உட்கார்ந்தால் போனைக் கரும்புக் கட்டின் மேல் சாய்த்து வைப்பார். ஜீப் ஆற்றைத் தாண்டும். ஒருவன் முப்பது பேரை அடிப்பான், தலை கலையாது.

"இந்தக் காலத்துப் படத்துல அடிச்சா ரத்தம் வருது. அதெல்லாம் இன்னாத்துக்கு?" என்பார்.

ரத்தம் எங்களுக்குக் கரும்பின் காய்ந்த இலையான சோகை கிழித்தே தினமும் கிடைக்கிறது. அதனால் நானும் தலையாட்டுவேன்.

போன தை மாதம் ஒரு நாள், கூழ் குடித்துவிட்டு மறுபடி வெட்ட இறங்கியதும் கணுக்காலுக்கு மேல் சுருக்கென்றது. சோகைக்கு அடியில் சங்கிலி சங்கிலியாய்ப் புள்ளி போட்ட முதுகு ஒன்று நிதானமாகப் போனது. "பாம்பு" என்றேன். அவ்வளவுதான், நாற்பது வருஷமாக எதிர்பார்த்த வேடம் மேஸ்திரிக்குக் கிடைத்துவிட்டது.

"படு! அசையாத!" என்று ஓடிவந்தார். தற்செயலாக அது ஒன்றுதான் சரி. தலைத்துண்டை அவிழ்த்து, முழங்காலுக்குக் கீழே, கால் நீலமாகும்வரை இறுக்கினார். கரும்பு வெட்டும் கத்தியை லுங்கியில் துடைத்தார்.

"இன்னா பண்ணப் போற?" என்றேன்.

"கீறி வுட்டு உறிஞ்சித் துப்பிடறேன். எத்தினி படத்துல பார்த்திருக்கோம்!"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் காலை நீட்டினேன்.

எனக்கு அடுத்த வரிசையில் வெட்டும் வெள்ளிமலைக்காரப் பெண் வந்து கத்தியைப் பிடுங்கினாள். "யோவ் மேஸ்திரி, நாள் பூரா புகையிலைய அதக்கிக்கினு கீற. உன் வாயில கீற விஷத்துக்கு அந்தப் பாம்பே செத்துடும். எட்டப் போய்யா."

"இல்லம்மா, படத்துல..."

"படத்துல செத்தவன் அடுத்த படத்துல வருவான். இவரு செத்தா நமக்கு ஒரு ஆளு கம்மி. தூக்குய்யா."

வரப்போரம் நிலத்துக்காரர் காரோடு நின்றிருந்தார். எங்கள் படங்களில் நிலத்துக்காரர் என்றால் சுருட்டு, சாட்டை, முப்பது அடியாள். இவர் பின்சீட்டில் யூரியா சாக்கை விரித்து, "சேறு படாம ஏத்துங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் திருக்கோவிலூருக்குப் பறந்தார். வில்லன் இவ்வளவு வேகமாக உதவி செய்து நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா துண்டைப் பார்த்தார். "யார் கட்டினது?"

பரிசு கொடுக்கப்போகிறார்கள் என்பதுபோல மேஸ்திரி ஒரு அடி முன்னால் வந்தார்.

"இப்படி இறுக்கினா காலே போயிடும். கத்தியால கீறினீங்களா?"

"இல்லைங்க மேடம்."

"வாய் வச்சு உறிஞ்சினீங்களா?"

"வுடலைங்க."

துண்டை மெல்ல மெல்லத் தளர்த்தினார்கள். என் கையிலிருந்து ரத்தம் எடுத்து, சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, மேஜைமேல் நிறுத்தினார்கள். "இருபது நிமிஷம் யாரும் இதைத் தொடாதீங்க. உறைஞ்சா பயமில்ல. உறையலன்னா விஷம் ஏறியிருக்கு" என்றார் டாக்டரம்மா.

என் படங்களில் இதற்கு மூன்று வினாடி. கோயில் மணி தானாக அடிக்கும், கண் திறந்துவிடும். இங்கே நான் படுத்தபடி ஒரு குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரியும் பார்த்தார், அவர் வாழ்க்கையில் முழுதாகப் பார்த்த சண்டை இல்லாத படம் அதுதான். அந்தப் படங்கள் ஏன் இத்தனை வருஷம் எங்களை விடவில்லை என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. அவற்றில் யாரும் எதற்கும் காத்திருப்பதில்லை. பஸ்ஸுக்கு, கூலிக்கு, ரேஷன் அரிசிக்கு, எதற்கும். ஜீப் பறப்பதை நாங்கள் ஒருநாளும் நம்பியதில்லை. ஒருவனுக்கு நினைத்த உடனே காரியம் நடப்பதைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கினோம்.

நர்ஸம்மா வந்து குழாயைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. மேஸ்திரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

விஷமுறிவு மருந்தைத் தொங்கவிட்டார்கள். அது இன்னும் மோசம், சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். நடுவில் குளிர், வாந்தி. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி ஒரு குழாய், மறுபடி இருபது நிமிடம். இந்த முறை சாய்த்தபோது ரத்தம் கட்டியாக நின்றது.

கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கி, மெதுவாக வடிந்தது. அந்தப் பருவம் முழுக்க எனக்கு வேலை இல்லை. என் வரிசையையும் அந்த வெள்ளிமலைக்காரியே சேர்த்து வெட்டினாள்.

டிஸ்சார்ஜ் அன்று கூட்டிப்போக வந்த மேஸ்திரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நான் மட்டும் உறிஞ்சியிருந்தா இன்னா ஆகியிருக்கும்?"

"பக்கத்து பெட்டுல நீயும் படுத்துக்கினு இருந்திருப்ப."

அவர் என்னைத் தோளில் தாங்கிப் படி இறக்கிக்கொண்டே, "ரெண்டு ஹீரோ படம்" என்றார்.