தூக்கலான சுண்ணாம்பு

என் மனைவிக்குச் சித்திரை மாதத்தில் குளிரும். தூத்துக்குடி வெயிலுக்கு உப்பளத்துக்காரர்களே நிழல் தேடி ஒதுங்குகிற மாதத்தில் அவள் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் சுருண்டு கிடப்பாள். முதல் வருடம், "டீச்சருக்குக் கொடைக்கானல் போற செலவு மிச்சம்" என்று கேலி செய்தேன். இரண்டாவது வருடமும் அதையே சொன்னேன். மூன்றாவது வருடம் அவள் வேலையை விடுவதாகக் கடிதம் எழுதி வைத்தபோதுதான் வாயை மூடினேன்.

அவள் வேம்பார் சாலையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. இருபத்திரண்டு வருடமாகக் காலை ஏழரை மணி கடற்கரைச் சாலைப் பேருந்தில் போய் வருகிறாள். நான் துறைமுகத்தில், பெரிய கப்பல்களை இழுத்து வந்து கட்டுகிற டக் படகில் என்ஜின் பார்க்கிறேன். ஐம்பதாயிரம் டன் நிலக்கரிக் கப்பலை எங்கள் சின்னப் படகு இழுப்பதைப் பார்த்து ஊர்க்காரர்கள் வாய் பிளப்பார்கள். எனக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை. நாற்பது பிள்ளைகளை ஒற்றைப் பார்வையில் இழுத்து நிறுத்துகிறவளோடு குடித்தனம் நடத்துகிறவன் நான்.

அவளுக்குத் தைராய்டு குறைவு என்று தெரிந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. தினமும் விடிந்ததும் எழுபத்தைந்து மைக்ரோகிராமில் ஒரு வெள்ளை மாத்திரை. வெறும் வயிற்றில், தண்ணீரில் முழுங்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக் காப்பியும் கூடாது, பலகாரமும் கூடாது. மிஷன் ஊரான நாசரேத்தில் பிறந்த பெண்ணுக்கு ஒழுங்கைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா என்ன? கடிகாரத்தைப் பார்த்துத்தான் காப்பி டம்ளரைத் தொடுவாள். நான்கைந்து வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை.

பிறகுதான் இந்தக் கூத்து ஆரம்பித்தது. பங்குனி பிறந்தால் முகம் வீங்கும், குரல் கரகரக்கும், சீப்பில் கொத்தாக முடி வரும், உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கும். இரத்தம் எடுத்துப் பார்த்தால், தைராய்டு குறையக் குறைய ஏறுகிற டி.எஸ்.எச். எகிறியிருக்கும். டாக்டரம்மா மாத்திரையை நூறாக ஏற்றுவார். ஐப்பசி மழை தொடங்கும்போது கதை தலைகீழாகிவிடும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் வராது. திரும்ப எழுபத்தைந்து. இரண்டு வருடம் இப்படியே ஏற்றமும் இறக்கமுமாகப் போயிற்று.

டாக்டரம்மா மேல் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "டீச்சர், மாத்திரையோட வேற எதுவும் சாப்பிடுறீங்களா? சத்து மாத்திரை, கால்சியம், இரும்பு மாத்திரை?" என் மனைவி பைபிள் மேல் கை வைக்காத குறையாக, "இல்ல டாக்டர், தண்ணி மட்டுந்தான்" என்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவேன்.

இந்த இடத்தில் என் பெருமையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் சாத்தான்குளம் பக்கம், பனங்காட்டில் பிறந்தவன். மூன்று வருடத்துக்கு முன்னால் துறைமுகச் சாலையில் ஒரு அண்ணாச்சி டி.வி.எஸ். வண்டியில் கேன் கட்டிப் பதநீர் விற்க வந்தார். நல்ல சரக்கு. அன்றிலிருந்து பங்குனி முதல் சீசன் முடிகிறவரை, எந்த ஷிப்டாக இருந்தாலும் விடிந்ததும் ஒரு தூக்குவாளி பதநீர் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். நகை, பட்டுச்சேலை என்று வாங்கிக் கொடுத்துப் பழக்கமில்லாத எனக்கு இதுதான் பெண்டாட்டிக்குச் செய்கிற மரியாதை. அவள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் உள்ளே வந்ததும் ஒரு மடக்குத் தண்ணீரில் மாத்திரை, அதற்கு மேல் ஒரு செம்பு பதநீர். வெறும் வயிற்றில் பதநீர் உடம்புக்குக் குளிர்ச்சி என்று நான்தான் சொன்னேன். அது காப்பியும் இல்லை, பலகாரமும் இல்லை. எங்கள் இரண்டு பேர் கணக்கிலும் அது இனிக்கிற தண்ணீர், அவ்வளவுதான்.

இந்த வருடம் பங்குனியில் அவளுக்கு வந்தது கொஞ்சநஞ்சமில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போர்டுல சமன்பாடு எழுதிட்டே இருந்தேன். பாதியில நின்னுட்டு. என்ன எழுத வந்தேன்னே தெரியல. முன் பெஞ்சுப் பிள்ள ஒண்ணு மெதுவா எடுத்துச் சொல்லுதா, நான் எழுதுதேன்" என்றாள்.

"இதெல்லாம் எல்லாருக்கும் வாரதுதான், டீச்சர்."

"எனக்கு வராது" என்றாள்.

உண்மைதான். இருபத்திரண்டு வருடத்தில் புத்தகத்தைப் பார்த்துப் பாடம் நடத்தாதவள். அன்று அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அழாமல் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, உடல்நிலை காரணமாக விருப்ப ஓய்வு கேட்டுத் தாளாளருக்கு ஒரு கடிதம் எழுதினாள். மடித்துப் பைபிளுக்குள் வைத்தாள். "ஜூன் மாசம் முடியுறவரைக்கும் பார்ப்பேன். சரியாகலன்னா குடுத்துருவேன். அரைகுறையாச் சொல்லிக்குடுத்துச் சம்பளம் வாங்க மாட்டேன்" என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. பள்ளிக்கூடம் போகாத அவளை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஏப்ரலில் வழக்கம்போல மாத்திரை நூறாயிற்று. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், நாலைத் தாண்டக் கூடாத டி.எஸ்.எச். பதினொன்றில் நின்றது. டாக்டரம்மா நூற்றிருபத்தைந்து எழுத பேனாவை எடுத்தார்.

"டாக்டர், ரெண்டு நாள் பொறுங்க. ஏன் ஏறுதுன்னு தெரியாம மாத்திரைய ஏத்திக்கிட்டே போனா ஐப்பசியில நான்தான் நடுங்கணும்" என்றாள் என் மனைவி.

சில டாக்டர்களுக்கு இது பிடிக்காது. இவர் பேனாவை மூடினார். "நியாயந்தான் டீச்சர். கண்டுபிடிச்சிட்டு வாங்க. மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க" என்றார்.

கோடை விடுமுறை. மறுநாள் காலை அவள் மூன்று வருட ரிப்போர்ட்டுகளையும் கட்டில் மேல் பரப்பினாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு, எந்த மாதம் எவ்வளவு டி.எஸ்.எச்., எத்தனை மைக்ரோகிராம் என்று எழுதினாள். பத்து நிமிடம் எழுதுவாள், தூங்கிவிடுவாள், எழுந்து மறுபடி எழுதுவாள். குரல் போய், முகம் வீங்கி, கண்ணைத் திறக்கவே முடியாத நிலையிலும் அந்தத் தாளை அவள் விடவில்லை. நான் ரிப்பேருக்கு வந்த என்ஜினைக்கூட அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. அன்று அவளைப் பார்த்துக்கொண்டே நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கல்யாணமான புதிதில்கூட நான் அப்படி அவளைப் பார்த்ததில்லை.

"பங்குனியில ஏறுது, மழைக்கு இறங்குது. ரெண்டு வருசம் அப்படியே. இந்த வருசமும் ஏறியாச்சு" என்றாள். "நம்ம வீட்டுல பங்குனிக்கு வந்து மழைக்கு முன்ன போறது என்ன?"

"மாங்கா" என்றேன். "பரீட்சை. வெயில். உங்க தங்கச்சி குடும்பம்."

அவள் சிரிக்கவில்லை. அடுக்களைக்குப் போனாள். காலையில் மிச்சம் வைத்த பதநீர் தூக்குவாளியில் இருந்தது. அதை மெதுவாகச் சாய்த்து வடித்துவிட்டு அடியை என்னிடம் காட்டினாள். வெள்ளையாக ஒரு படிவு. விரலால் தொட்டுப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பையிலிருந்து சிவப்பு லிட்மஸ் தாளை எடுத்து அதில் வைத்தாள். தாள் நீலமாயிற்று.

"சுண்ணாம்பு" என்றாள். "சுண்ணாம்புன்னா கால்சியம். டாக்டரம்மா வருசாவருசம் கேட்டாங்க, கால்சியம் சாப்பிடுறீங்களான்னு. நான் இல்லன்னேன். தினம் ஒரு செம்பு குடிச்சிருக்கேன்."

பனங்காட்டில் பிறந்தவனுக்கு இது தெரியாததா? கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாமல் பனையில் கட்டினால் பதநீர் கிடைக்காது, கள்தான் கிடைக்கும். நடக்கிற வயதிலேயே தெரிந்துகொண்ட விஷயம். ஆனால் என் தப்பு அதோடு நிற்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அதையும் சொன்னேன்.

"நான் அண்ணாச்சிகிட்ட சுண்ணாம்பு தூக்கலாப் போடச் சொன்னேன்."

"எதுக்கு?"

"லேசாப் புளிச்சாலும் நீங்க கள்ளுன்னு சொல்லி வாயில வைக்க மாட்டீகளே. கோயில்ல பாட்டுப் படிக்குத ஆளு. அதான், 'அண்ணாச்சி, எங்க வீட்டுக்குன்னு தனியா ரெண்டு கலயத்துல நல்லாத் தடவி இறக்குங்க'ன்னு சொல்லி வச்சிருந்தேன்."

மூன்று வருடமாக, தனிக் கலயத்தில், தனிக் கவனத்தோடு என் பெண்டாட்டியின் மருந்தை நானே கெடுத்திருக்கிறேன். அவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவள் என்னையும் தூக்குவாளியையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கரகரத்த குரலில், மூச்சு வாங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பங்குனியிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. எனக்குத்தான் கண் கலங்கியது.

டாக்டரம்மா காலண்டர் தாளை இரண்டு தடவை படித்தார். "இருக்கலாம் டீச்சர். கால்சியம் கூடச் சேர்ந்தா இந்த மாத்திரை உடம்புல சேராது. பாத்துருவோம். பழையபடி எழுபத்தஞ்சு, தண்ணி மட்டும். ஆறு வாரம் கழிச்சு ரத்தம் எடுங்க" என்றார். அந்தத் தாளைப் போனில் படமும் எடுத்துக்கொண்டார்.

அந்த ஆறு வாரம் நத்தை மாதிரி நகர்ந்தது. அண்ணாச்சியிடம் பதநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. தினமும் பைபிளைத் திறந்து கடிதம் இருக்கிறதா என்று பார்ப்பேன். மூன்றாவது வாரம் அவளே எழுந்து மின்விசிறியைப் போட்டாள். கேலி செய்தால் நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டின் மேல் ஸ்தாயியில் அவள் குரல் பிசிறில்லாமல் ஏறியது. ஜூன் கடைசி வாரம் ரிப்போர்ட் வந்தது. இரண்டு புள்ளி எட்டு.

மறுநாள் காலையில் அவள் தூக்குவாளியைக் கழுவி என் கையில் கொடுத்தாள்.

"எதுக்கு?" என்றேன்.

"சீசன் முடியப்போகுதுல்லா. மாத்திரைய ராத்திரிக்கு மாத்திக்கிட்டேன். சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சுப் போட்டா போதும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. மறுபடி ரத்தம் பாத்துக்கலாம்னாங்க."

"ஒரு பதனிக்காகவா?"

"நீங்க கொண்டுவாரதுக்காக" என்றாள். "சுண்ணாம்பை மட்டும் அளவாப் போடச் சொல்லுங்க."

நான் வாளியை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். அவள் பின்னால் ஓடிவந்து மடித்த தாள் ஒன்றை என் சட்டைப் பையில் செருகினாள். "அலகுத் தேர்வு நாளைக்கு. வரும்போது ஜெராக்ஸ் கடையில நாப்பது காப்பி எடுத்துட்டு வந்துருங்க. ஒரு பக்கம் மட்டும்" என்றாள்.

ஜெராக்ஸ் கடைக்காரர் தாளைப் பிரித்தார். முதல் கேள்வியே, "பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது ஏன்? அளவு மிகுந்தால் என்ன ஆகும்?" என்று இருந்தது. நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் தாளைத் திருப்பினார். பின்பக்கம், தாளாளருக்கு அவள் எழுதிய கடிதம்.

"அண்ணாச்சி, எந்தப் பக்கம் எடுக்க?" என்றார்.

"கேள்வி இருக்குத பக்கம்" என்றேன்.