கூலிக்கு வந்த தேவதூதன்

என் பத்து வயதில், ஒரு மார்கழி மாதம், நான் கூலிக்குத் தேவதூதனாக இருந்தேன். இதைச் சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கத் தகுந்த பகுதியோடு நான் நிறுத்திக்கொள்வதால்தான் சிரிக்கிறார்கள். மீதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அருப்புக்கோட்டையில் நான் படித்த பள்ளிக்கூடம் கிறிஸ்தவ சபையார் நடத்தியது. எங்கள் வாத்தியார்தான் அவர்கள் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஒரு பாட்டுக் கோஷ்டியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, சுற்றியுள்ள ஊர்களில் சபைக் குடும்பங்களின் வாசல்தோறும் போவார். இயேசு பிறந்த கதையை வேஷம் கட்டிப் பாடிக் காணிக்கை வாங்கி வருவோம். மற்ற ஊர்களில் இதற்கு ராத்திரியில் விளக்கேந்திப் போவார்களாம். எங்களுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காததால் பகலில்தான் போனோம். உச்சி வெயிலில், கிழக்கே நட்சத்திரம் தெரிகிறது என்று பாடிக்கொண்டு மூன்று ராஜாக்களும் வானத்தைப் பார்ப்பார்கள். கண் கூசித் தும்முவார்கள்.

சபையில் பையன்கள் குறைவு. அவர்களில் சுருதி சேர்ந்தவர்கள் அதைவிடக் குறைவு. அதனால் வெளியிலிருந்து எங்கள் இரண்டு மூன்று பேரை வாத்தியார் கூலிக்கு அமர்த்திக்கொண்டார். மேய்ப்பனுக்கு ஒரு கூலி. தனியாகப் பாட வேண்டியிருந்ததால் தேவதூதனுக்கு அதைப் போல இரண்டு மடங்கு. மேய்ப்பனுக்கு வேஷம் என்று ஒன்று தேவையே இல்லை. கம்பளியும் தொரட்டியும் எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் கிடைக்கும். ராஜாக்களுக்கு ஜிகினாத் தாளில் கிரீடம் ஒட்டினோம். தேவதூதனுக்குத்தான் திண்டாட்டம். உப்புத் தண்ணீரில் துவைத்துத் துவைத்து ஊரில் எல்லா வேட்டியும் பழுப்பேறிக் கிடந்தது. முந்தின வருடம் தேவதூதன் சுற்றிக்கொண்ட வாத்தியார் வீட்டுப் படுக்கை விரிப்பு கிழிந்துபோய்விட்டது. புதுத்துணியோ காசு கொடுத்தாலும் கிடைக்காத நேரம். வெள்ளைத்துணி கொண்டு வருகிறவன்தான் தேவதூதன் என்று வாத்தியார் சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைத்துணி இருப்பது எனக்குத் தெரியும்.

அப்பா நூல் கடை வைத்திருந்தார். ஆடி மாதத்தில் ஒரு நாள், வீரசோழன் ஊரிலிருந்து ராவுத்தர் ஒருவர் கடைக்கு வந்தார். ரங்கூனில் வியாபாரம் செய்துவிட்டு, குண்டு விழுந்த பிறகு காடு வழியாக நடந்தே ஊர் திரும்பியவர். அப்பாவும் அவரும் கடையின் பின்கட்டில் நெடுநேரம் பேசினார்கள். அன்று அப்பா சாப்பிடவில்லை. அடுத்த வாரம், தெரிந்த தறிக்காரரிடம் சொல்லி ஒரு சேலை நெய்து வாங்கி வந்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தார். "தையில கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் தங்கச்சி கண்ணுல இது பட்றக் கூடாது," என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

கல்யாணம் என்றால் என் அக்காவின் கல்யாணம். தங்கச்சி என்றால் பந்தல்குடியில் இருந்த அத்தை. மகள் கல்யாணத்தில் தங்கைக்குச் சேலை எடுத்துத் தருவது வழக்கம்தான். அத்தை ஆச்சரியப்பட வேண்டும் என்று ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். சேலை ஏன் வெள்ளையாக இருக்கிறது என்ற சந்தேகமே எனக்கு வரவில்லை. நான் நெசவு ஊரின் பையன். போர் தொடங்கியதிலிருந்து சீமைச் சாயம் வரவில்லை, சாயப்பட்டறைத் தொட்டிகளெல்லாம் காய்ந்து கிடக்கின்றன என்பது பெரியவர்கள் பேச்சில் தினமும் அடிபட்டது. சாயம் போடாத சேலை வெள்ளையாகத்தானே இருக்கும். பெட்டியிலிருந்து அதை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் விசேஷ வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வேஷம் கட்டிக் கூலி வாங்குவது தெரிந்தால் அப்பா தோலை உரித்திருப்பார்.

மூன்றாம் நாள் வண்டி பந்தல்குடிக்குப் போனது.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா ரங்கூனில் ஒரு கடையில் கணக்கெழுதப் போனவர். ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து அவரிடமிருந்து கடிதம் இல்லை. அத்தைக்குப் பிள்ளை கிடையாது. எங்களோடு வந்து இருந்துவிடும்படி அப்பா எத்தனையோ முறை கூப்பிட்டார். அத்தை ஒரே பதில்தான் சொல்வாள். "வந்தா அவுக நேரா இங்கதான் வருவாக. வீடு பூட்டிக் கெடந்தா என்ன நெனைப்பாக?" கடலை வறுத்து விற்றுக்கொண்டு, அந்தக் கதவைத் திறந்து வைத்திருப்பதற்காகவே அந்த ஊரில் இருந்தாள்.

பந்தல்குடியில் சபைக் குடும்பங்கள் சிலவே; ஆனால் வேடிக்கை பார்க்க ஊரே கூடிவிட்டது. நான் சேலையைத் தோளிலிருந்து பாதம் வரை சுற்றி, இடுப்பில் கயிறு கட்டி, முதுகில் அட்டைச் சிறகுகளோடு ஓர் ஆட்டுரலின் மேல் ஏறி நின்றேன். நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறேன், யாரும் கலங்க வேண்டாம் என்று வாத்தியாரே கட்டிக் கொடுத்த பாட்டு. அன்று என் தொண்டை எனக்கே புதிதாக இருந்தது. கூட்டத்தின் நடுவில் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்து கோஷ்டி கஞ்சி குடிக்க உட்கார்ந்தது. அத்தை என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

"வாங்க சாமி. குனிஞ்சு வாங்க, றெக்க நெலையில இடிச்சிரப் போவுது," என்றாள். "ஏலே, அப்பாவுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"தெரிஞ்சா ஒவ்வொரு றெக்கயாப் பிச்சுக் கையில குடுப்பாக."

அடுப்பில் மண்சட்டி காய்ந்துகொண்டிருந்தது. கடலையைப் போட்டு வறுத்துக்கொண்டே என்னை முன்னும் பின்னும் திருப்பி நிறுத்திப் பார்த்தாள். அவள் நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், தலையில் கனகாம்பரம். சேலையின் ஓரத்தைப் பிடித்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். "கஞ்சிகூடப் போகல. துணி கெடைக்காத காலத்துல இப்படிப் புதுச்சேலை வாத்தியாருக்கு எங்கருந்துலே வந்துச்சு?"

ஊர் ஊராகப் போய் நல்ல சேதி சொல்லும் பழக்கம் அந்தச் சில நாளில் என் நாக்கில் ஏறியிருந்தது. ரகசியத்தை அடக்க முடியவில்லை.

"ஒங்க சேலைதான் அத்தே. அப்பா ஒங்களுக்குன்னு நெய்யச் சொன்னாக. சாயம் கெடைக்கலைல, அதான் வெள்ளையா இருக்கு. அக்கா கல்யாணம் முடிஞ்சதும் குடுப்பாகளாம்."

வறுத்துக்கொண்டிருந்த கை நின்றது. சேலையைப் பிடித்த கை விடவில்லை. அப்பா இதை எப்போது வாங்கினார் என்று கேட்டாள். வீரசோழன் ராவுத்தர் வந்து போன அடுத்த வாரம் என்றேன். எந்த ராவுத்தர் என்றாள். ரங்கூனிலிருந்து நடந்து வந்தாரே, அவர் என்றேன். என்ன பேசினார்கள் என்றாள். அது தெரியாது, ஆனால் அன்றைக்கு அப்பா சாப்பிடவே இல்லை என்றேன். கேட்டதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்ததில் எனக்குப் பெருமை.

எங்கள் பக்கத்தில் கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்துதான் வெள்ளைச் சேலை வர வேண்டும். அதற்குக் கோடி என்று பெயர். அண்ணன் எடுத்து வந்து தங்கைக்குப் போர்த்துவார். எனக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரியும். மாமா வரும் வழியில் காய்ச்சலில் இறந்துபோனதையும், தானும் கூட நின்று புதைத்ததையும் ராவுத்தர் ஆடியிலேயே அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. இழவு விழுந்தால் கல்யாணம் நின்றுபோகும், மாப்பிள்ளை வீட்டார் சகுனம் பார்ப்பவர்கள். அப்பா சேதியையும் சேலையையும் சேர்த்துப் பெட்டியில் பூட்டிவிட்டார். அவரைக் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை. பெண்ணைப் பெற்றவர் அவர். பூட்டியதை உடைத்தவன் நான்.

கடலை கருகும் வாடை வந்தது. "அத்தே, கருகுது," என்றேன். அவள் அடுப்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். எதிரில் நிற்பது யார் என்றே தெரியாதவள் போன்ற பார்வை. அதற்குப் பிறகு நான் எத்தனையோ மரண வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அந்த முகத்தை வேறெங்கும் பார்த்ததில்லை. தன் புதுச்சேலையை நான் கட்டி அழுக்காக்கிவிட்டதில் அவளுக்குக் கோபம் என்று நினைத்தேன்.

"தொவைச்சுட்டாப் பழையபடி ஆயிரும் அத்தே," என்றேன்.

அவள் காய்ந்த சட்டியை வெறுங்கையால் பிடித்து இறக்கி வைத்தாள். கையை உதறக்கூட இல்லை. என் சிறகுகளை அவிழ்த்தாள். சேலையை உருவினாள். ஓரத்தில் ஒட்டியிருந்த செம்மண்ணை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். வெயிலில் பிடித்துக் காய வைத்தாள். பிறகு தரையில் மண்டி போட்டு, பழைய மடிப்புத் தடங்களை விரலால் தேடித் தேடி, தறியிலிருந்து வந்தபோது எப்படி இருந்திருக்குமோ அப்படியே மடித்தாள்.

"நம்ம சொந்தத்துல வேற யாரும் இதப் பாத்தாகளா?"

"நீங்க மட்டுந்தான்."

"நான் பாத்தேன்னு அப்பாட்டச் சொல்லிராத ராசா. ஆசையா ஒளிச்சு வச்சிருக்காக. தெரிஞ்சாச் சப்புன்னு போயிரும்ல? மடிப்புக் கலையாம எடுத்த எடத்துல வச்சிரு."

சரியென்று தலையாட்டினேன். சேலையில்லாமல் வண்டிக்குத் திரும்பினால் வாத்தியார் என்ன சொல்வார் என்பதுதான் என் கவலை. நினைத்தபடியே ஆயிற்று. அடுத்த ஊரிலிருந்து நான் மேய்ப்பன், பாதிக் கூலி. பழுப்பு வேட்டி கட்டிய வேறொரு பையன் தேவதூதனாகி, என் பாட்டைக் கட்டைக் குரலில் பாடினான். கம்பளிக்குள் வியர்த்து வழிந்துகொண்டு, வழியெல்லாம் அத்தையை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

தை பிறந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாளே அத்தை வந்துவிட்டாள். அதே அளவு குங்குமம், அதைவிட அதிகப் பூ. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களைக் கேலி செய்து பந்தலையே சிரிக்க வைத்தாள். ஆனால் அக்காவுக்கு மஞ்சள் பூசக் கூப்பிட்டபோது கையெல்லாம் மாவு என்றாள். ஆரத்தி எடுக்கக் கூப்பிட்டபோது குழம்பு தீய்ந்துவிடும் என்று உள்ளே ஓடினாள். தாலியைத் தட்டில் வைத்துப் பெரியவர்கள் தொட்டு வாழ்த்தும்படி கொண்டு வந்தார்கள். அத்தையிடம் தட்டு வந்தபோது விளிம்பை மட்டும் பிடித்துப் பக்கத்திலிருந்த ஓர் அம்மாளிடம் தள்ளினாள். தூணருகே நின்ற அப்பாவுக்கு அந்த நேரத்தில் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். கடவுளே பார்த்து விலக்கிவிட்டதாக அவர் எண்ணியிருப்பார். எனக்கு அது வேலை மும்முரத்தில் இருந்த அத்தையின் அவசரமாகத்தான் தெரிந்தது.

மறுவீட்டு விருந்து முடிந்து, அக்காவை மாப்பிள்ளை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினோம். அடுத்த நாள் காலையில் சொந்தக்காரர்கள் சிலரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார் அப்பா. ராவுத்தரும் வந்திருந்தார். அப்பாவால் பேச முடியவில்லை. ராவுத்தர்தான் தலைகுனிந்தபடி சொன்னார். அப்பா அந்தச் சேலையோடு, "தாயி, என்னய மன்னிச்சுரு," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அத்தை கேட்ட மாத்திரத்தில் அப்படியே சரிந்தாள். தரையில் கிடந்து மார்பில் அடித்துக்கொண்டாள். மாமாவை ஊர் சொல்லி, உறவு சொல்லிக் கூப்பிட்டாள். நேராக வீட்டுக்கு வருவாக என்றிருந்தேனே, கதவைத் திறந்து வைத்திருந்தேனே என்று கதறினாள். அப்படி ஒரு குரல் அவள் உடம்புக்குள் இருக்கும் என்று யாருக்குமே தெரியாது. பெண்கள் ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்பா சுவரில் முட்டிக்கொண்டார்.

நான் மட்டும் அழவில்லை. மாமா இறந்துவிட்டார் என்பது புரிந்தது. அவர் முகம் எனக்கு ஞாபகமில்லை. அந்தச் சேலை எதற்கு என்பதும் அப்போதுதான் புரிந்தது. அதோடு இன்னொன்றும் புரிந்ததாக எண்ணிக்கொண்டேன். இது அத்தைக்கு மார்கழியிலேயே தெரியும். தெரிந்துகொண்டே, இப்போதுதான் கேள்விப்படுகிறவள் போல விழுகிறாள், உருளுகிறாள். மற்றவர்களெல்லாம் ஏமாந்துவிட்டார்கள். நானும் வேஷம் கட்டியவன், எனக்குத் தெரியாதா?

பெண்களின் தோள்களுக்கு நடுவே அவள் முகம் ஒரு நொடி என் பக்கம் திரும்பியது. நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். கூட்டாளியைப் பார்த்துச் சிரிப்பது போல.

அத்தை பார்த்துவிட்டாள். குரல் பாதியில் அறுந்தது. வாயைத் திறந்தபடி, சத்தம் வராமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தை அந்த வெள்ளைச் சேலைக்குள் புதைத்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் குரலெடுத்து அழவே இல்லை.

பந்தல்குடியில் என் சிறகை அவிழ்த்த நேரத்திலிருந்து அன்று காலை வரை, வாய்விட்டு அழுவதற்கு அவளுக்கு ஓர் இடமோ நேரமோ கிடைத்திருக்கவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. அத்தை நன்றாக நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.