ஏழு சொட்டு

பள்ளிக்கூடத்தை அவர் ஐந்தாம் வகுப்போடு விட்டார். "அதுக்கு மேல எனக்குச் சொல்லிக்குடுக்க அங்க ஆள் இல்ல" என்பார், சிரிக்காமல். பதினோரு வயதில் படகுகளின் அடிவயிற்றில் படுத்துச் சேறு வழித்தவர், நாற்பது வயதில் அந்த ஆற்றங்கரையிலேயே பெரிய பட்டறைக்குச் சொந்தக்காரர். படகை நீரிலிருந்து மேலே இழுத்து நிறுத்தத் தண்டவாளம் வைத்திருந்த ஒரே மெக்கானிக் அவர்தான். யார் கையையும் பிடித்து அவர் மேலே வரவில்லை. ஒருவர் அவர் காலை வாரிவிட்டதால் வந்தார். அந்த ஒருவர் அவருடைய மனைவியின் அண்ணன்.

மச்சானுக்கு அறுபது பேர் உட்காரும் பயணிகள் படகு ஒன்று இருந்தது. அதன் இன்ஜினுக்குத் தாயும் தகப்பனும் மெக்கானிக்தான். இன்ஜினிலிருந்து கிளம்பும் ஷாப்ட் என்ற இரும்புத் தண்டு, படகின் பின்பக்கத் துளை வழியாக வெளியே போய் நீருக்குள் விசிறியைச் சுழற்றும். அந்தத் துளையில் ஆறு புகுந்துவிடாமல், கிரீஸ் ஊறிய கயிற்றை வளையம் வளையமாக ஷாப்டைச் சுற்றித் திணித்து, மேலே ஒரு பெரிய நட்டைப் போட்டு அழுத்தியிருப்பார்கள். நட்டை இறுக்கினால் தண்ணீர் நிற்கும். ஆனால் முழுக்க நிற்கவும் கூடாது. படகு ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு உள்ளே விழுந்தே ஆக வேண்டும். அதுதான் கயிற்றுக்கும் இரும்புக்கும் குளிர்ச்சி. அந்தப் படகுக்கு மெக்கானிக் வைத்த அளவு ஏழு. நட்டுக்கடியில் விரலை நீட்டி, விழுவதை எண்ணுவார். எட்டு வந்தாலும் ஆறு வந்தாலும் ஸ்பேனரை எடுத்துவிடுவார்.

ஒரு நாள் மச்சான் ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலு பேரைப் படகில் ஏற்றி, பந்தாவாகத் தரைப்பலகையைத் தூக்கி இன்ஜினைக் காட்டினார். அவர்களில் வழுக்கைத்தலை வக்கீல் ஒருவர் குனிந்து பார்த்தார்.

"என்ன சார், உங்க படகு ஒழுகுதே?"

மச்சானின் முகம் சுண்டிப்போயிற்று.

"ஒழுகல சார். இப்படித்தான் சொட்டணும்" என்றார் மெக்கானிக்.

"சொட்டணுமா?" மச்சான் பாய்ந்தார். "ஒரு நட்டை முடுக்கத் துப்பில்ல, வாய் மட்டும் காது வரைக்கும். தங்கச்சி புருஷனாச்சேன்னு வச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும். எறங்குப்பா, சொட்டு!"

நாலு பேரும் சிரித்தார்கள். வக்கீல் தொடையைத் தட்டிச் சிரித்தார். அடுத்த படித்துறையில் மெக்கானிக் கருவிப் பெட்டியோடு இறங்கினார். ஒரே வாரத்தில் கரை முழுக்க அவர் பெயர் சொட்டு. அதையாவது விழுங்கிக்கொண்டிருப்பார். மகள் பள்ளியிலிருந்து வந்து பையை மூலையில் வீசி, "எல்லாரும் என்னைச் சொட்டு மகள்னு கூப்பிடறாங்கப்பா" என்று அழுதபோதுதான் அவருக்குள் ஏதோ இறுகியது. பேர் வைத்த வாய்தான் அதைத் திருப்பி எடுக்க வேண்டும், அதே நாலு பேர் முன்னால்.

புதிதாக வந்த மெக்கானிக் ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகித் தொங்கி முடுக்கினான். "என் படகுக்குள்ள இப்ப தூசிதான் பறக்குது" என்று மச்சான் பீற்றிக்கொண்டார்.

நம்மவர் ஒரே ஒரு தடவை படித்துறைக்குப் போனார். "மச்சான், நட்டைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்க. ஷாப்ட் தேஞ்சிடும்."

"வேலை கேட்டு வந்தீங்களா மாப்ளே? சொட்டுறதுக்கு இங்க எடமில்ல."

அதோடு சரி. மூன்று வருஷம். கயிறு கருகக் கருக அவர்கள் மாற்றினார்கள், மறுபடி முடுக்கினார்கள். அந்த மூன்று வருஷத்தில் மெக்கானிக் தகரக் கொட்டகை போட்டார், தண்டவாளம் இறக்கினார், இரும்பு கடைய லேத்தும் வாங்கினார். பட்டறையைத் தாண்டி மச்சானின் படகு போகும்போதெல்லாம் கருகிய கிரீஸ் வாடை கரைக்கு வரும். அன்றைக்கு அவர் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிடுவார்.

"இன்னொரு தடவ அண்ணன்கிட்டச் சொல்லிப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"சொன்னேன். ஒரு தடவைக்கு மேல சொன்னா அறிவுரை. எனக்கு அந்த வியாதி இல்ல."

கடைசியில் ஒரு மத்தியானம் நடு ஆற்றில் நட்டிலிருந்து புகை கிளம்பியது. இன்ஜினை நிறுத்தியதும் கருகிய கயிற்றைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. பயணிகளை வேறு படகில் மாற்றி, இதைக் கட்டி இழுத்து வந்தார்கள். வேறெங்கே வருவார்கள்? தண்டவாளம் இருந்தது ஒரே இடத்தில்.

ஷாப்டை உருவிப் பார்த்தபோது, கயிறு இருந்த இடத்தில் நகம் புதையும் அளவுக்குப் பள்ளம். மெக்கானிக் அதைத் துடைத்து, வாசலில் எல்லார் கண்ணிலும் படும்படி சாய்த்து வைத்தார். ஒன்பது நாளில் புது ஷாப்ட் கடைந்தார். கயிற்றைச் சாய்வாக வெட்டி, ஒரு வளையத்தின் இணைப்பு அடுத்ததன் இணைப்போடு நேராக வந்துவிடாமல் திருப்பித் திருப்பி வைத்தார். அந்த வேலையில் ஒருவரும் குறை சொல்ல முடியாது.

"எடுத்துட்டுப் போகலாமா மாப்ளே?"

"ஒரு வேலை பாக்கி. அன்னிக்கு வந்த நாலு பேரையும் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் படகு தண்டவாளத்துலதான்."

மச்சான் தங்கையிடம் ஓடினார். அவள் அடுப்பை விட்டுத் திரும்பவே இல்லை. "அண்ணா, என் வீட்டுக்காரர் பேர் என்னன்னு ஞாபகம் இருக்கா? ஞாபகம் வந்ததும் அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

நாலு பேரும் வந்தார்கள். மகளுக்குப் பள்ளி லீவு, அவளும் வந்து நின்றாள். படகு நீரில் இறங்கியது, இன்ஜின் உறுமியது. மச்சான் வெள்ளைச் சட்டையோடு எண்ணெய்ப் பிசுக்கில் குப்புறப் படுத்து, நட்டுக்கடியில் விரலை நீட்டினார். மெக்கானிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு" என்றார் மச்சான்.

"இறுக்கம். இம்மி அளவு தளர்த்துங்க. நீங்களேதான்."

தளர்த்தினார். திரும்ப எண்ணினார். ஏழு.

வக்கீல் தலையை நீட்டினார். "ஒழுகுதா சார்?"

"ஒழுகல. இப்படித்தான் சொட்டணும்" என்றார் மச்சான்.

"இன்ஜின் சத்தத்துல கேக்கல மச்சான்" என்றார் மெக்கானிக்.

"இப்படித்தான் சொட்டணும்! எங்க மாப்பிள்ளை அன்னிக்கே சொன்னாரு! நான்தான் முட்டாள்!"

இந்தத் தடவை வக்கீல் தொடையைத் தட்டவில்லை. சிரித்தது மகள் மட்டும்தான்.

படகை விட்டுக்கொடுக்கும்போது மெக்கானிக் ஒரு நிபந்தனை போட்டார். வாராவாரம் மச்சானே படுத்து எண்ணி, போனில் சொல்ல வேண்டும். தவறினால் தண்டவாளம் கிடையாது. திங்கட்கிழமை காலையில் மணி அடிக்கும். மெக்கானிக் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு மெதுவாக எடுப்பார்.

"ஏழு, மாப்ளே."

"அப்படியா?" என்பார் இவர். "எதுக்கும் இன்னொரு தடவ எண்ணிடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."